மரை கழன்றது யாருக்கு?



நம் தோட்டங்களில் ஒரு பேச்சு உண்டு. ஒருவன் ஊரோடு ஒத்துப்போகாமல் தன்போக்கில் எதையாவது செய்துகொண்டிருந்தால், "அவனுக்கு மரை கழன்று போச்சு" என்பார்கள். நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். வகுப்பறையில் பிள்ளைகளைப் பார்த்தே சொல்லியிருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இந்த மாதம் அந்த மரையைப் பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன். பேச்சுக்குச் சொல்லும் மரை அல்ல. சைக்கிள் சக்கரத்தின் நடுவே, இரும்பில் வெட்டியிருக்கும் மெய்யான மரை.

"சைக்கிள் சமாசாரம் ஆண்பிள்ளைகளுக்கு, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், தாய்மார்களே. வளர்ந்து வரும் பையன் உங்கள் வீட்டில் இருந்தால் இது உங்களுக்காகவே எழுதியது.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, கம்போங் மேடானிலிருந்து என் தம்பி மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணி, நீங்க ஒரு நடை வந்து இவனுக்குப் புத்தி சொல்லுங்க. படிப்பும் இல்லே, தூக்கமும் இல்லே. எங்கேயோ பொறுக்கின பழைய இரும்பையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சுக்கிட்டு ராவும் பகலும் தட்டிக்கிட்டு இருக்கான். அக்கம் பக்கத்துல ஏசுறாங்க. மரை கழண்ட பையன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்க. பிரேக்கே இல்லாத சைக்கிளாம் அண்ணி! எனக்கு வயித்தைக் கலக்குது."

பிரேக் இல்லாத சைக்கிள்! அந்தச் சொல் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. உங்களுக்கும் நினைவிருக்கும். 2017 பிப்ரவரி 18ஆம் நாள், விடியாத வேளை. ஜொகூர் பாருவில் "பாசிக்கல் லாஜாக்" எனப்படும் மாற்றியமைத்த சைக்கிள்களோடு சாலையில் திரண்டிருந்த பையன்கள் கூட்டத்தில் கார் ஒன்று மோதியது. பதின்ம வயதுப் பிள்ளைகள் 8 பேர் இறந்தார்கள். மேலும் 8 பேர் காயமுற்றார்கள். வழக்கு நீதிமன்றப் படிகள் பல ஏறி இறங்கி, 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கார் ஓட்டியவரை விடுவித்த பிறகே ஓய்ந்தது. குற்றம் யார்மீது என்று நாடே வாதாடியது. போன பிள்ளைகள் மட்டும் வீடு திரும்பவில்லை.

கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினேன். வழியெல்லாம், அந்தச் சைக்கிளைத் தூக்கி இரும்புக்காரனிடம் போட்டுவிட்டுத்தான் மறு வேலை என்று மனத்துக்குள் முடிவு கட்டிக்கொண்டே போனேன். அப்படி ஒரு வேலையை நான் முன்பும் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டில் படித்த ஒரு பையன் தன் சைக்கிளின் மட்கார்டை அறுத்து, ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தான். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சைக்கிளைப் பிடுங்கிப் பள்ளிக்கூட ஸ்டோரில் பூட்டினேன். "மரை கழன்றவன்" என்று வகுப்பின் முன்னால் ஏசினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அப்புறம் அவன் என்னிடம் எதையும் காட்டியதில்லை. இடைநிலைப் பள்ளிக்குப் போய் இரண்டாம் படிவத்தோடு நின்றுவிட்டான். அவன் நின்றதற்கு அந்தச் சைக்கிள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் தன் கையால் செய்த முதல் வேலையைப் பார்த்து ஒரு கேள்விகூடக் கேட்காமல் பூட்டி வைத்தவள் நான். அது இன்றும் உறுத்துகிறது.

கம்போங் டத்தோ ஹருண் நிலையத்தில் இறங்கினேன். தம்பி மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தான்.

பழைய கிள்ளான் சாலைப் பக்கத்து இந்த ஊர்களைப் பற்றி உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோட்டத் துண்டாடலிலும், பின்னர்த் தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் போனபோதும், பிழைப்புத் தேடிப் பட்டணம் வந்த நம்மவர்கள் பலகை வீடு கட்டிக் குடியேறிய பகுதிகள் இவை. பலகை வீடுகள் போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. தோட்டத்தில் பையனுக்குச் சைக்கிள் ஓட்ட மைல் கணக்கில் செம்மண் பாதை இருந்தது. இங்கே அவனுக்கு இருப்பது வீட்டுக் கதவுக்கு முன்னால் பத்தடி நடைபாதை. அதைத் தாண்டினால் லாரியும் காரும் பறக்கும் பெருஞ்சாலை. இதையும் மனத்தில் வைத்துத்தான் நாம் பையன்களைப் பேச வேண்டும்.

நான்காம் படிவத்தில் படிக்கும் மருமகன் நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தான். கையெல்லாம் கிரீஸ். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். முகத்தில் பயம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பழைய பையனின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. வாய்வரை வந்த ஏச்சை விழுங்கிக்கொண்டேன்.

"இது என்னாடா? எனக்குச் சொல்லு, கேட்போம்," என்றேன்.

"இது லாஜாக் இல்லே அத்தே. டிராக் சைக்கிள். வெலோட்ரோம்ல ஓட்டுவாங்களே, அந்த மாதிரி," என்றான். பிறகு அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினான். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை என்று அவன் ஆசிரியர்கள் சொல்வார்களாம்!

அவன் சொன்னதை உங்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன்.

மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவே குடம் என்று ஒன்று இருக்கும் அல்லவா? சைக்கிளில் அதுதான் ஹப். குடத்துக்குள்ளே அச்சு. குடத்தின் வலப்பக்கத்தில் செயின் ஓடும் பல்சக்கரம். நாம் வழக்கமாக ஓட்டும் சைக்கிளில் இந்தப் பல்சக்கரத்துக்குள் பிரீவீல் இருக்கும். முன்னால் மிதித்தால் சக்கரம் சுழலும். காலை நிறுத்தினால் 'டிக் டிக்' என்ற ஓசையோடு சக்கரம் தன்போக்கில் ஓடும். பின்னால் மிதித்தால் ஒன்றும் ஆகாது.

டிராக் சைக்கிளில் பிரீவீல் கிடையாது. பல்சக்கரம் குடத்தோடு ஒரே கட்டாக இருக்கும். சக்கரம் சுழலும் மட்டும் பெடலும் சுழன்றே தீரும். காலுக்கு ஓய்வில்லை. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால், சுழன்று வரும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும். அந்தக் காலழுத்தம்தான் அதற்குப் பிரேக்.

பையன் கடையில் வாங்கவில்லை, வாங்கப் பணமில்லை. வார இறுதியில் ஒரு சைக்கிள் கடையில் எடுபிடி வேலை பார்க்கிறான். அங்கே ஒதுக்கிப் போட்டிருந்த பழைய பந்தயச் சைக்கிளின் பின்சக்கரத்தை எடுத்துக்கொண்டான். அதன் அச்சு நடுவில் துளை உள்ளது. துளைக்குள் ஒரு கம்பியை விட்டு, ஓரத்து நெம்புகோலை மடக்கி இறுக்கும் வகை. காலால் எதிர்த்து அழுத்தும் சைக்கிளுக்கு அந்தப் பிடி போதாது. ஆகவே அதை உருவி எடுத்துவிட்டு, 10 மில்லிமீட்டர் கனமுள்ள கெட்டி அச்சைப் போட்டு, இரு பக்கமும் 15 எண் நட்டு வைத்து இறுக்கியிருந்தான். பழைய குடம் பல கியர்களுக்காக அமைந்தது. அகலம் 126 மில்லிமீட்டர். டிராக் சைக்கிளுக்கு 120 போதும். அதனால் அச்சிலிருந்த இடைவளையங்களைக் கழற்றியும் மாற்றியும் அகலத்தைக் குறைத்திருந்தான். முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும்; இல்லாவிட்டால் செயின் கோணி ஓடி ஒருநாள் கழன்று விழும். கோட்டை நேராக்கிய பிறகு ரிம் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தியும் முறுக்கியும் மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்திருந்தான். சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினான். மயிரிழைகூட ஆடவில்லை.

அடுத்தது கிராங்கு, அதாவது பெடலைத் தாங்கும் கை. சாதாரணமாக 170 மில்லிமீட்டர் இருக்கும். டிராக் சைக்கிளுக்கு 165 நல்லது என்றான். "5 மில்லிமீட்டரில் என்னடா வந்துவிடும்?" என்று கேட்டேன். "வளைவில சாயுறப்போ நம்ம சைக்கிள்ல காலை நிறுத்திப் பெடலை மேலே தூக்கி வச்சுக்கலாம் அத்தே. இதுல நிறுத்த முடியாது. பெடல் சுத்திக்கிட்டேதான் இருக்கும். நீளமா இருந்தா தரையில இடிச்சுத் தூக்கி எறிஞ்சிடும்," என்றான்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. முன்னால் 48 பல், பின்னால் 16 பல். வகுத்தால் 3. பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 3 சுற்று. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர் என்றால், ஒரு மிதிக்கு 6.3 மீட்டர். நிமிடத்துக்கு 90 மிதி என்றால் மணிக்கு 34 கிலோமீட்டர். இதையெல்லாம் அவன் வாய்க்கணக்காகச் சொன்னான். கணக்குப் பாடத்தில் தேறாத பையன் என்று அம்மா அழுகிறாளே, அந்தப் பையன்!

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பால்மரம் வெட்டியவர். பால் வாளிகளை ஏற்றி இறக்கியே தேய்ந்துபோன ஒரு ராலே சைக்கிள் அவரிடம் இருந்தது. மழை நாளில் மரம் வெட்ட முடியாதபோது லயத்து வாசலில் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. கிராங்கை அச்சோடு பிடித்து நிற்கும் காட்டர் பின் என்ற சின்ன ஆப்பை எப்படித் தட்டி இறக்குவது என்று காட்டுவார். ஒருநாள் இடது பெடலைக் கழற்றச் சொன்னார். நான் எவ்வளவு திருகியும் வரவில்லை. "இடது பெடல் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பும் அம்மா. மிதிக்க மிதிக்கக் கழண்டு போகாம இருக்க, அதுக்கு மரையை மாத்தி வெட்டியிருக்கான்," என்றார். எந்த விசை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதைப் பார்த்து மரை வெட்ட வேண்டும். நான் படித்த முதல் விஞ்ஞானப் பாடம் அதுதான்.

அந்தப் பாடம் அன்றைக்குக் கைகொடுத்தது.

"எல்லாம் சரிதான்," என்றேன். "முன்னால் மிதித்தால் பல்சக்கரம் குடத்தின் மேல் இறுகும். நிறுத்துவதற்குப் பின்னால் அழுத்தும்போது அது எந்தப் பக்கம் திரும்பும்?"

பையன் கொஞ்சம் தயங்கினான். "கழல்ற பக்கம்தான் அத்தே. அதுக்குத்தான் மேலே ஒரு வளையம் போட்டுப் பூட்டியிருக்கேன். மரைக்குப் பசையும் போட்டிருக்கேன்."

"அந்த வளையத்தின் மரை எந்தப் பக்கம்?"

"அதுவும்... அதே பக்கம்தான்."

தம்பியைக் கூப்பிட்டேன். சைக்கிளை நிமிர்த்திப் பின்சக்கரத்தைச் சுவரோடு சேர்த்து நிறுத்தினோம். தம்பி டயரை இரு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பையனைப் பெடலில் ஏறி, பின்பக்கமாக முழுப் பாரத்தையும் போடச் சொன்னேன். முதல் முறை அசையவில்லை. இரண்டாவது முறையும் அசையவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது முறை 'டக்' என்றது. பெடல் சரிந்து அவன் கால் தரையில் வந்து நின்றது. சக்கரம் தம்பியின் கையிலேயே இருந்தது. பல்சக்கரமும் வளையமும் சேர்ந்து மரையில் கழன்று வந்திருந்தன.

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பையன் மெல்லிய குரலில் சொன்னான்: "இன்னைக்கு ராத்திரி கூட்டாளிங்களோட இறக்கத்துக்குப் போறதா இருந்தேன் அத்தே."

உள்ளேயிருந்து அவன் அம்மா விம்முகிற சத்தம் கேட்டது.

வாசகர்களே, இரண்டு முறை பிடித்ததே, அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முதல் தடவையே கழன்றிருந்தால் பையன் வீட்டு வாசலிலேயே விழுந்து எழுந்து திருத்தியிருப்பான். நான்கு நாள் பிடிக்கும். ஐந்தாம் நாள், எந்த இடத்தில் மிக அதிகமாக அழுத்துகிறானோ அந்த இடத்தில் கழலும். மிக அதிகமாக அழுத்தும் இடம் எது? லாரி குறுக்கே வரும் இடம்தான்.

உண்மையான டிராக் குடத்தில் இரண்டு மரைகள் உண்டு. உட்பக்கம் பெரிய மரை, அது வலமரை. பல்சக்கரம் அதில் ஏறி உட்காரும். அதற்கு வெளியே சற்றுச் சிறிய மரை, அது இடமரை. பூட்டு வளையம் அதில் எதிர்ப்பக்கமாகத் திருகி ஏறும். பின்னால் அழுத்தும்போது பல்சக்கரம் கழலப் பார்த்து வளையத்தைத் தள்ளும். வளையம் இடமரை ஆகையால், அந்தத் தள்ளலிலேயே அது மேலும் இறுகும். பழைய பிரீவீல் குடத்தில் அந்த இடமரை கிடையாது. பிரீவீலைப் பின்னால் மிதித்தால் விசையே ஏறாது ஆகையால் அங்கே பூட்டுத் தேவைப்படவில்லை. அந்தக் குடத்தில் பல்சக்கரத்தைப் போட்டு, கிராங்கு அச்சுக் கூட்டிலிருந்து கழற்றிய வளையத்தால் பூட்டினால் மரை அளவு பொருந்தும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே பக்கம் திரும்பும். ஒரே பக்கம் கழலும். இங்கிலீஷ்காரர்கள் இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குத் 'தற்கொலைக் குடம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் டிராக் சைக்கிளே கெட்டதா? இல்லவே இல்லை. அது இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நீலாய் தேசிய வெலோட்ரோமின் ஓடுதளம் 250 மீட்டர் வட்டம். 2017 சீ விளையாட்டுப் போட்டியின் ஓடுதளச் சைக்கிள் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. அதற்கு முன் 1998 காமன்வெல்த் போட்டிக்குச் செராஸ் வெலோட்ரோம் இருந்தது. ஓடுதளத்தில் எல்லாரும் ஒரே பக்கமாகச் சுற்றுகிறார்கள். சந்திப்பு இல்லை, விளக்கு இல்லை, குறுக்கே ஓடும் நாய் இல்லை. அங்கே ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால், பின்னால் ஒட்டி வருகிற அத்தனை பேரும் அவர்மீது விழுவார்கள். ஆகவே அங்கே பிரேக் இல்லாததே பாதுகாப்பு. சாலையில் பிரேக் இல்லாதது எமன். சைக்கிள் ஒன்றுதான், இடம் வேறு.

திரெங்கானு டுங்குனில் பிறந்த அசிசுல்ஹஸ்னி அவாங்கை நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். 2011இல் மான்செஸ்டரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் விழுந்தபோது, ஓடுதளத்து மரச்சிம்பு ஒன்று ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு அவர் கெண்டைக்காலைத் துளைத்துக்கொண்டு போயிற்று. அப்படியே எழுந்து ஏறிப் பந்தயத்தை முடித்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் கெய்ரின் பந்தயத்தில் வெண்கலம், 2017இல் ஹாங்காங்கில் உலக வெற்றியாளர் பட்டம், 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. நம்மவரிலும் எம். குமரேசன் 1988 சியோல் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காகச் சைக்கிள் ஓட்டியிருக்கிறார். ஆக, இந்த ஆசை மரை கழன்ற ஆசை அல்ல. வழி காட்ட ஆள் வேண்டிய ஆசை.

சாலைக்கு வந்தால் சட்டமே வேறு. இங்கிலாந்தில் பிரீவீல் இல்லாத சைக்கிளுக்குக்கூட முன்பிரேக் கட்டாயம். 2016இல் லண்டனில், முன்பிரேக் இல்லாத அப்படிப்பட்ட சைக்கிளை ஓட்டிய ஓர் இளைஞன் சாலையைக் கடந்த ஒரு பெண்மீது மோதினான். அவர் உயிரிழந்தார். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மறு ஆண்டு அந்த இளைஞனுக்கு 18 மாதச் சிறை. விழுவது ஓட்டுகிறவன் மட்டும் அல்ல என்பதைப் பையன்களுக்குச் சொல்ல இது ஒன்று போதும்.

அன்று பிற்பகல் நானும் மருமகனும் அவன் வேலை பார்க்கும் கடைக்குப் போனோம். தவுக்கே வயதான சீனர். கழன்ற குடத்தை வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இனி தா போலே பாக்காய், சிக்கு," என்றார். இதைப் போடவே கூடாது என்று பொருள். "என்னைக் கேட்டிருக்கலாமே?" என்று பையனைப் பார்த்தார். "ஏசுவீங்கன்னு பயந்துட்டேன்," என்றான் இவன். எனக்குச் சுருக்கென்றது.

தவுக்கே மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக் காட்டினார். நிறைய உடைந்த சாமான்கள். ஒன்று கிராங்கு. நீளத்தைக் குறைப்பதற்காக யாரோ அதில் இன்னொரு துளை போட்டுப் புது மரை வெட்டியிருக்கிறார்கள். பழைய துளைக்கும் புதுத் துளைக்கும் நடுவே மிஞ்சியிருந்த மெல்லிய இடத்தில் அது இரண்டாகப் பிளந்திருந்தது. "இப்படி வெட்டுவதற்குப் பதில் குட்டையான கிராங்கே வாங்கலாம். பழையது நிறைய இருக்கிறது," என்றார். மருமகன் அந்த உடைந்த துண்டை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். தானும் அப்படித் துளை போட நினைத்ததாக வரும் வழியில் சொன்னான்.

இடமரை உள்ள பழைய டிராக் குடம் ஒன்று கடையில் இருந்தது. பாதிப் பணம் நான் கொடுத்தேன். மீதியை அவன் சம்பளத்தில் கழித்துக்கொள்வதாகத் தவுக்கே சொன்னார். பிரச்சினை முன்பிரேக்கில்தான் வந்தது.

"பிரேக் போட்டா கூட்டாளிங்க சிரிப்பாங்க அத்தே."

மரைக்கு நான் சொன்ன விளக்கமெல்லாம் இதற்குப் பயன்படாது என்று எனக்குத் தெரியும். அந்த வயதில் சிரிப்பு சாவைவிடப் பெரிது. நான் அவன் கணக்கையே அவனிடம் திருப்பிக் கேட்டேன். "மணிக்கு 34 கிலோமீட்டர் என்றாயே, ஒரு நொடிக்கு எத்தனை மீட்டர்?" விரலில் கணக்குப் போட்டான். "9 மீட்டருக்கு மேல." "இறக்கத்தில் 50 போனால் உன் கால் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும்?" கொஞ்சம் யோசித்தான். "130க்கு மேலே அத்தே." "அந்த வேகத்தில் சுழலும் காலை வைத்து நீ எப்படிப் பின்னால் அழுத்துவாய்?"

பதில் சொல்லவில்லை. முன்போர்க்கில் பிரேக்குக்கான துளை இருந்தது. அவனே போய்ப் பழைய பிரேக் ஒன்றைத் தேடி எடுத்து, புதுக் கட்டை போட்டு மாட்டினான். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குடையது என்று தவுக்கே அவனுக்கு ஓட்டிக் காட்டினார்.

கூட்டாளிகள் சிரித்தார்களாம். ஒரு வாரம் சிரித்தார்களாம். பிறகு அவர்களில் இருவர் தங்கள் சைக்கிளைக் கொண்டுவந்து, "எங்க வளையம் எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாரு," என்று கேட்டார்களாம். ஒன்றில் பல்சக்கரத்தைக் குடத்தோடு வெல்டிங் செய்திருந்தது. பற்றவைத்த சூட்டில் இரும்பு எந்த அளவு வலுவிழந்திருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதைத் தவுக்கே வாங்கித் தன் பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டார். மற்றப் பையன்கள் இன்னும் இறக்கத்துக்குப் போகிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் கதை சொல்ல எனக்கு மனமில்லை.

பெற்றோர்களே, உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளை இன்று மாலை ஐந்து நிமிடம் பாருங்கள். பெரிய படிப்பு வேண்டியதில்லை.

ஒன்று: பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் முன்பக்கமாகச் சுழற்றுங்கள். பெடலும் கூடவே சுழன்றால் அது பிரீவீல் இல்லாத வண்டி.

இரண்டு: அப்படியானால் முன்பிரேக் இருக்கிறதா, அழுத்தினால் சக்கரம் நிற்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த வண்டி சாலைக்குப் போகக் கூடாது.

மூன்று: பல்சக்கரத்தின் பூட்டு வளையம் எந்தப் பக்கம் திரும்பும் என்று பையனையே கேளுங்கள். அவனுக்குத் தெரியாவிட்டால் கடைக்குப் போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள். பசை, வெல்டிங் என்று சொன்னால் நீங்களும் கூடப் போங்கள்.

நான்கு: சக்கரத்தை இருபக்கமும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அச்சு தளர்ந்திருக்கிறது. இரு பக்க நட்டும் இறுகியிருக்க வேண்டும்.

ஐந்து: கிராங்கில் புதிதாகப் போட்ட துளையோ விரிசலோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

ஆறு: செயினின் நடுவில் விரலால் அழுத்துங்கள். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆடலாம். தொங்கினால் கழன்று விழும். விழுந்தால் காலால் நிறுத்தும் வழியும் போயிற்று.

இந்த ஆறையும் ஏசிக்கொண்டே பார்க்காதீர்கள். "இது என்னப்பா, எனக்குச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே பாருங்கள். ஏசினால் சைக்கிள் வாசலிலிருந்து மறைந்து, படிக்கட்டுக்கு அடியிலோ கூட்டாளி வீட்டிலோ போய் நிற்கும். அப்புறம் அதன் மரையை நீங்கள் பார்க்கவே முடியாது.

இன்னும் ஒன்று. மில்லிமீட்டர் கணக்கில் அச்சை அளந்து, ரிம்மை நடுவுக்குக் கொண்டுவரும் கைக்கு இந்த நாட்டில் வேலை இருக்கிறது. தொழிற்பயிற்சிக் கழகங்களில் சேர்ந்து மலேசியத் திறன் சான்றிதழ் எடுக்கலாம். படிப்படியாக ஏறி டிப்ளோமா வரை போகலாம். பரீட்சையில் கோட்டை விட்டவன் என்று ஒதுக்கிவிடாமல், அவன் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். என் மருமகன் இப்போது அதற்கான விவரங்களைத் தானே விசாரித்துக்கொண்டிருக்கிறான். கணக்குப் புத்தகத்தையும் எப்போதாவது திறக்கிறானாம். அவன் அம்மா சொன்னாள்.

எங்கள் பள்ளி ஸ்டோரைச் சென்ற வாரம் துப்புரவு செய்தோம். மூலையில் துருப்பிடித்த ஒரு ஹேண்டில்பார் கிடந்தது. அந்தப் பழைய பையனுடையதா என்று தெரியவில்லை. துடைத்து என் மேசைமேல் வைத்திருக்கிறேன். இனி எந்தப் பிள்ளையையாவது பார்த்து "மரை கழன்றவன்" என்று சொல்ல வாய் வந்தால், முதலில் அதைப் பார்த்துக்கொள்வேன்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் தோட்டத்து டீச்சர்